பிரித்துப் படித்த நாவல்

சிதம்பரம் கீழவீதியில் பிளவுஸ் மேட்சிங் கடை வைத்திருக்கும் புஷ்பவள்ளி ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தார். அதன் பெயர் ‘இப்ப என்ன படிக்கிறீங்க?’ கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆட்கள்தான் அதில் ஜாஸ்தி. மாதக் கடைசி ஞாயிறன்று அவர் கடைக்கு மாடியில் இருந்த டியூஷன் சென்டரில் எல்லோரும் கூடுவார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம். படித்து முடித்த நாவலைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பாதியில் இருக்கும் நாவலைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும்.

“முடிச்சிட்டா எல்லாரும் ஜட்ஜ் ஆயிடுறோம். பாதியில இருக்கறவன்தான் கதைக்குள்ள இருக்கான்” என்பார் புஷ்பவள்ளி.

அந்தக் குழுவில் சிந்துஜா சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. கணவன் இளவரசு ஓசூரில் கம்பெனியில் இருந்தான். லீவு கிடைக்கும்போது வருவான். கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வீட்டின் மாடியில் சிந்துஜா வாடகைக்கு இருந்தாள். புத்தகம் என்றால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொடுவாள். பக்கத்தின் ஓரத்தை மடிக்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். இது தெரிந்ததால்தான் புஷ்பவள்ளி யாருக்கும் தராத ஒரு நாவலை அவளிடம் கொடுத்தார்.

‘உமிமேடு’ என்பது அதன் பெயர். பழைய நாவல். இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. கெட்டி அட்டை, நூல் போட்டுத் தைத்த பைண்டிங்.

“பத்திரம்” என்றார் புஷ்பவள்ளி. “இது போச்சுன்னா எனக்கு வேற கிடைக்காது.”

சிந்துஜா அதற்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டாள். கால்வாசி படித்திருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

முதல் நாள் அது வெறும் மழையாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலையில், மேலே அணையைத் திறந்துவிட்டார்கள், ஆற்றில் தண்ணீர் வருகிறது என்று மைக்கில் சொல்லிக்கொண்டு ஒரு ஜீப் போனது. மத்தியானத்துக்குள் தெரு இருந்த இடம் தெரியவில்லை. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரர் ஜெயசீலனும் அவர் மனைவி மாலதியும் அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, சிலிண்டர், துணிமணி என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் மாடிக்கு ஏற்றினார்கள். ஃப்ரிஜ்ஜைக் கட்டில்மேல் தூக்கி வைத்தார்கள். அதற்குமேல் வழியில்லை. ஜெயசீலன் டைல்ஸ் கடை வைத்திருந்தார். கடையில் என்ன ஆயிற்றோ என்ற கவலை வேறு.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கதிர்வேல் இடுப்பளவு தண்ணீரில், தலைக்கு மேலே ஒரு பெரிய பையைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பவர். பையில் இருந்தது கேமரா. அவருடையது மாடி இல்லாத வீடு. மனைவி பிரசவத்துக்காகச் சேத்தியாத்தோப்பில் தாய்வீட்டில் இருந்தார்.

அவர் படிக்கட்டின் கீழேயே நின்றார். ஏறி வரவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். ஒரு காலத்தில் ‘மாமா, மாமா’ என்று ஜெயசீலனோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவர்தான். ஜெயசீலன் தன் வீட்டு வாசலில் மண்ணைக் கொட்டி மேடாக்கிய பிறகு, மழைத் தண்ணீர் எல்லாம் கதிர்வேலின் வாசலுக்குத் திரும்பியது. அதில் வந்த சண்டை. நகராட்சியில் மனு கொடுக்கும் வரைக்கும் போய், இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

மேலேயிருந்து மாலதிதான் கத்தினார். “இன்னா யோசனை பண்ணிட்டு நிக்கிறே? பாம்பு கீம்பு வரும். ஏறி வா!”

படியில் நின்றிருந்த ஜெயசீலன் ஒதுங்கி வழிவிட்டார். கதிர்வேல் ஏறிவந்து, உள்ளே போகாமல் பால்கனியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் விடிந்தபோது கரன்ட் இல்லை, போன்களில் சார்ஜ் இல்லை. மாலதி ரவை உப்புமா கிண்டினார். தின்று முடித்ததும் செய்வதற்கு எதுவுமே இல்லாமல் போய்விட்டது. ஜெயசீலன் படிக்கட்டுப் பக்கம் போவார், எட்டிப் பார்ப்பார், திரும்பி வந்து, “இன்னொரு படி முழுகிடுச்சி” என்பார். மாலதி முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் ஜெயசீலன் மறுபடியும் போவார். கீழே கட்டில்மேல் வைத்த ஃப்ரிஜ் மிதந்துபோய்க் கதவில் இடிக்கும் சத்தம் டொம் டொம்மென்று மேலே கேட்டுக்கொண்டே இருந்தது.

சிந்துஜா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நாவலைப் பிரித்தாள். ஒரு பக்கம்கூட ஓடவில்லை. மாலதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னா கதைடி சிந்து?”

“ஒரு ரைஸ்மில் கதைக்கா.”

“சொல்லேன். சும்மாதானே இருக்கோம்.”

சிந்துஜா சொன்னாள். நாச்சியார் என்று ஒரு பெண். புருஷன் செத்த பிறகு நெல் மில்லைத் தனியாளாக நடத்துகிறாள். வேலைக்காரர்கள் எல்லாம் ஒவ்வொருவராக விட்டுப் போய்விடுகிறார்கள். இஞ்சின் ஓட்டும் சிங்காரம் மட்டும் போகவில்லை. நாச்சியாரின் சின்ன மகள் பெயர் தையல். அவளுக்குச் சிங்காரம்தான் எல்லாம். அவன் தோளில் உட்கார்ந்துதான் சோறே சாப்பிடும் அந்தக் குழந்தை. மில்லுக்குப் பின்னால் மலைபோல உமிமேடு. ஒரு நாள் அந்த உமிமேட்டில் புகை கிளம்புகிறது.

“அப்புறம்?” என்றார் மாலதி.

“அங்கதான்க்கா நிக்கிறேன். அதுக்குமேல நானும் படிக்கல.”

“யாரு வெச்சா நெருப்பு?”

கேட்டது மாலதி இல்லை. பால்கனியிலிருந்து கதிர்வேல். நாற்காலியைக் கதவுப் பக்கமாக இழுத்துப் போட்டிருந்தார். அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்திருந்த ஜெயசீலனும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தார். அப்போதுதான் சிந்துஜாவுக்கு உறைத்தது. கதை சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஜெயசீலன் ஒரு தரம்கூடப் படிக்கட்டை எட்டிப் பார்க்கவில்லை.

சரி, சத்தமாகவே படிக்கலாம் என்று ஆரம்பித்தாள். மழை விடவில்லை. பால்கனிக்கு மேலே போட்டிருந்த தகரத்தில் மழை விழும் சத்தத்தில், பக்கத்தில் இருந்த மாலதிக்கே பாதி வார்த்தைதான் கேட்டது. “கேக்கலம்மா, சத்தமா” என்றார் ஜெயசீலன். “இந்த வரிய மறுபடி சொல்லு” என்றார் மாலதி. பால்கனியில் கதிர்வேல் கையைக் காதில் குவித்துக்கொண்டு முழித்தார். நாலைந்து பக்கத்துக்குள் சிந்துஜாவின் தொண்டை கட்டிவிட்டது.

“இப்படிப் போனா தைப்பொங்கல்தான் ஆவும்” என்றார் மாலதி.

கதிர்வேல் சிரித்துக்கொண்டே சொன்னார்: “டீக்கடைல பேப்பரை தாள் தாளாப் பிரிச்சிப் படிப்பாங்க இல்ல, அது மாதிரி பிரிச்சிட்டா ஆளுக்கொண்ணு படிக்கலாம்.”

“ஐயோ, இது என் புத்தகம் இல்லண்ணா” என்று சிந்துஜா புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அவளுக்கு என்னவோ போலாகிவிட்டது.

மறுபடியும் படிக்கட்டுப் பயணம் தொடங்கியது. ஜெயசீலன் போனார், வந்தார். “நாலு படிதான் பாக்கி.” மாலதி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். கீழே எதுவோ கண்ணாடி உடைந்தது. சிந்துஜாவும் எழுந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் மேலே வந்துவிட்டால் எங்கே போவது? இதையே நினைத்துக்கொண்டு நாலு பேரும் இந்த அறைக்குள் எத்தனை நேரம் உட்கார்ந்திருக்க முடியும்?

பழுப்புத்தாள் அட்டையைக் கழற்றினாள். புத்தகத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். பசை ஏற்கெனவே காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே பக்கங்கள் கற்றை கற்றையாக நூலில் கோர்த்து இருந்தன. பேப்பர் கிழியாது, நூலை மட்டும் அறுத்தால் போதும். பின்னால் தைத்துவிடலாம். தைத்துவிட முடியுமா? புஷ்பவள்ளியின் முகம் நினைவுக்கு வந்தது. பிளேடை எடுத்து வந்தவள், கையைக் கழுவ மறந்துவிட்டாள். நூலை மூன்று இடத்தில் அறுத்தாள்.

புத்தகம் நாலு கற்றையாகப் பிரிந்து கையில் வந்தது.

“முதல் பாகம் உங்களுக்குக்கா. நான் அதை முடிச்சிட்டேன். ரெண்டாவது எனக்கு. அண்ணா, மூணாவது நீங்க பிடிங்க.”

“நானா? நான் பேப்பரே தலைப்பு மட்டும்தாம்மா படிப்பேன்” என்றார் ஜெயசீலன். ஆனால் கை நீண்டது.

கடைசிப் பாகத்தைக் கதிர்வேலிடம் கொடுத்தபோது, “எனக்கு எது குடுத்தாலும் ஓகே. பொழுது போனா சரி” என்று வாங்கிக்கொண்டார்.

அதன்பிறகு அந்த வீட்டில் மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மாலதி விரலை வரிக்கு அடியில் ஓட்டி, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தார். “இந்தச் சிங்காரம் தங்கமான மனுஷன்டி” என்று நடுவில் ஒரு தரம் தலை நிமிர்ந்து சொன்னார். ஜெயசீலனுக்கு ஆரம்பமே சரியில்லை. முதல் வரியிலேயே ஊரே கூடி நின்று சிங்காரத்தை வேப்பமரத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தது.

“எதுக்கும்மா இவனை அடிக்கிறாங்க?”

“நான் இன்னும் அங்க வரலண்ணா.”

“சீக்கிரம் வாம்மா. சாவ அடிக்கிறானுங்க.”

கதிர்வேலுக்கு அதற்குமேல் குழப்பம். அவருடைய பாகத்தில் ஆற்றங்கரைக் கொட்டகையில் ஒரு கிழவன் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பெண் தினமும் தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகிறாள். இருவரும் பேசிக்கொள்வதில்லை. யார் அந்தக் கிழவன்? அவள் எதற்குச் சோறு கொண்டுவருகிறாள்? பக்கங்களை முன்னால் புரட்டிப் பார்த்தார். முன்னால் பக்கமே இல்லை.

சாயங்காலத்துக்கு முன் ஜெயசீலன் தன் பாகத்தை முடித்துவிட்டார். அவர் ஒரு நாவலின் துண்டை இவ்வளவு வேகமாகப் படிப்பார் என்று மாலதியே நினைக்கவில்லை. முடித்ததும் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். கடைசிப் பக்கம் பாதி வாக்கியத்தில் அறுந்திருந்தது. ‘சிங்காரம் தலையைத் தூக்கினான். ரத்தத்தைத் துப்பிவிட்டு, நெருப்பு வைத்தது’ என்பதோடு கற்றை முடிந்துவிட்டது. மிச்ச வாக்கியம் பால்கனியில் இருந்தது.

“அவன்கிட்ட அந்த மொத வரி என்னன்னு கேளு” என்றார் மாலதியிடம்.

“வாய் இருக்குது இல்ல, நீயே கேளு” என்றார் மாலதி, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஜெயசீலன் பால்கனிக் கதவுவரை போனார். தகரத்திலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“உன்துல மொத வரி இன்னா?”

கதிர்வேல் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு முதல் பக்கத்தை எடுத்து வாசித்தார். “‘நான்தான் என்றான்.’”

“நான்தானா?”

“நான்தான்னுதான் போட்டிருக்குது.”

“சீ! அத்தனை அடி வாங்கியும் ஒத்துக்காதவன், கடைசில நான்தாங்கறானா?” ஜெயசீலன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கதிர்வேல் நாற்காலியிலிருந்து நழுவிக் கீழே வந்தார். “அடிச்சாங்களா? யாரை? அப்ப இந்தக் கிழவன் அந்த சிங்காரமா? இன்னா நடந்துச்சு மாமா, சொல்லு மாமா!”

மாலதியின் விரல் வரியிலேயே நின்றது. சிந்துஜாவும் நிமிர்ந்து பார்த்தாள். பேசிய இருவருக்கும் அது தெரியவில்லை. ஜெயசீலன் கையை ஆட்டி ஆட்டி, மரத்தில் கட்டியதிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

மறுநாள் மழை நின்றது. தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டிராக்டரில் பால் பாக்கெட்டும் பிரெட்டும் வந்தன. வாங்கி வைத்துவிட்டு நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கதிர்வேல் தன் பாகத்தை முடித்திருந்தார். எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

“கடைசில யாருன்னு சொல்லவே இல்ல” என்றார் அவர். “ஊரை விட்டுத் துரத்திடறாங்க. பல வருஷம் கழிச்சித் திரும்பி வந்து ஆத்தோரம் கெடக்கறான். அந்தப் பொண்ணு சோறு கொண்டாரது. அதான் தையலு. பெருசாயிடுச்சி. அப்படியே முடிஞ்சிடுது. ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. அந்தத் தையலு சமைக்கறதுக்கு முன்னாடி தினமும் பக்கத்து வீட்டுப் பொம்பளையக் கூப்புடுது. அடுப்பைப் பத்த வெக்க. தானே பத்த வெக்கமாட்டேங்குது. ஒரு எடத்துல விளக்குகூட அடுத்தவங்கதான் ஏத்தறாங்க. ஏன்?”

மாலதி தன் மடியில் இருந்த முதல் பாகத்தைப் புரட்டினார்.

“சின்ன வயசுல அப்படி இல்லியே. இதோ. தீப்பெட்டியை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சொருகி ரயில் வுட்டு ஆடுது.”

இதைச் சிந்துஜாவும் படித்திருந்தாள். குழந்தை விளையாட்டு என்று தாண்டிப் போயிருந்தாள். அவசரமாகத் தன் பாகத்தை எடுத்தாள். “இருங்க, இருங்க. நெருப்பு பிடிச்சப்ப சிங்காரம் புகைக்குள்ளேருந்து தையலைத் தூக்கிட்டு வெளிய வர்றான். வந்ததும் வேற எதுவும் பண்ணல. நெல்லு ஊற வெக்கிற தொட்டில அதோட ரெண்டு கையையும் முக்கித் தேய்ச்சித் தேய்ச்சிக் கழுவறான். கை சுட்டுடுச்சி, அதுக்குத்தான்னு நான் நெனைச்சேன். ஆனா தீக்காயம்னு எங்கயும் எழுதல.”

ஜெயசீலன் மெதுவாகச் சொன்னார்: “அடிக்கறப்ப அவன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசறான். ‘புள்ளைய உள்ள கூட்டிட்டுப் போங்க’ன்னு.”

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். தையல்தான் தெரியாமல் வைத்தது, கையில் ஒட்டிய தீக்குச்சி மருந்தைக் கழுவிவிட்டுச் சிங்காரம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்றார் கதிர்வேல். மாலதி கண்ணைத் துடைத்தபடி அதையேதான் சொன்னார். ஜெயசீலன் மட்டும் தலையாட்டவில்லை.

“நாச்சியாரு திண்டாட்டத்துல இருந்தா. மில்லு ஒழிஞ்சா போதும்னு இருந்தா. அத்தனை அடி அடிக்கறப்பவும் வாசல்ல நின்னு பாத்துட்டு, ஒரு வார்த்தை பேசல. அவதான் வெச்சிருப்பா.”

“அப்ப தையலு ஏன் மாமா தீக்குச்சியத் தொட மாட்டேங்குது?”

“நெருப்புல மாட்டிக்கிட்ட புள்ள. பயப்படாதா?”

சாயங்காலம் தண்ணீர் இறங்கத் தொடங்கியபோதும் அவர்கள் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்ததை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து சேறு வாருவதற்கே நேரம் சரியாக இருந்தது. ஃப்ரிஜ், மெத்தை, மிக்ஸி எல்லாம் தெருவுக்கு வந்தன. மண் விவகாரத்தைப் பற்றி ஜெயசீலனும் கதிர்வேலும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. மனு நகராட்சியில் அப்படியேதான் இருந்தது. ஆனால் சேறு அள்ளும்போது காம்பவுண்டுக்கு இந்தப் பக்கமிருந்து, “நாச்சியாருதான்டா” என்று குரல் வரும். அந்தப் பக்கமிருந்து, “சான்ஸே இல்ல மாமா” என்று பதில் போகும்.

சிந்துஜா நாலு பாகத்தையும் ஒன்றாக அடுக்கிக் கட்டிவைத்தாள். பக்கங்கள் ஈரக்காற்றில் உப்பியிருந்தன. ஒரு மூலையில் உப்புமா எண்ணெய் பட்டிருந்தது. தைத்துப் பார்க்க ஊசியை எடுத்தவள், வைத்துவிட்டாள். மறைத்துக் கொடுக்க மனம் வரவில்லை. மனைவியைப் பார்க்கச் சேத்தியாத்தோப்புக்குக் கிளம்பிய கதிர்வேல், “சிதம்பரம் வழியாத்தான் போறேன், நானும் வரேன்” என்றார். பஸ்ஸில் வழிநெடுக சிந்துஜா அந்தக் கட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கடையில் ஒரு பெண் மாம்பழ நிறப் புடவைக்கு பிளவுஸ் துணி தேடிக்கொண்டிருந்தாள். துணி வெட்டிக்கொண்டிருந்த புஷ்பவள்ளி, கட்டைப் பிரித்தார். கையில் நாலு துண்டாக வந்தது. கத்தரிக்கோலை வைத்தார்.

“யாரு பண்ணது?”

சிந்துஜா வாயைத் திறப்பதற்குள் கதிர்வேல் முந்திக்கொண்டார். “நான்தாங்க. எனக்குப் புத்தகத்தோட அருமை தெரியாதுங்க.”

புஷ்பவள்ளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சிங்காரம் மாதிரி பொய் சொல்லாதீங்க.”

கதிர்வேல் வெட்கப்படவில்லை. அவர் கண்கள் விரிந்தன. “அப்ப உங்களுக்கும் அவன் பொய்தான் சொன்னான்னு தோணுதா?”

“அவன் வெக்கலன்னு தெரியும். யாரு வெச்சதுன்னுதான் தெரியல. நாச்சியாரோட கொழுந்தன் மேலதான் எனக்குச் சந்தேகம்.”

“கொழுந்தனா? அவன் எங்க வரான்?”

“ரெண்டாம் பாகத்துல வருவான்ணா” என்றாள் சிந்துஜா. பிறகு புஷ்பவள்ளியைப் பார்த்துச் சொன்னாள்: “அறுத்தது நான்தாங்க. தண்ணி ஏறிட்டு இருந்துச்சு. எல்லாரும் படிக்கட்டையே பாத்துட்டு இருந்தாங்க. என்னால தாங்க முடியல.”

புஷ்பவள்ளி உப்பிய பக்கங்களைத் தடவினார். அவருக்குக் கோபம் இருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. எண்ணெய்க்கறையைப் பார்த்து ‘ச்சு’ என்றார். கதிர்வேல் பொறுக்கமாட்டாமல் தையல் அடுப்புப் பற்றவைக்காத கதையை எடுத்துவிட்டார். தீப்பெட்டி ரயில், தொட்டித் தண்ணீர் என்று சிந்துஜா தொடர்ந்தாள். புஷ்பவள்ளியின் கை ஓரிடத்தில் நின்றது. இரண்டாம் பாகத்தை எடுத்து, அந்தத் தொட்டிப் பக்கத்தைத் தேடி, நின்றபடியே படித்தார்.

“அக்கா, துணி?” என்றாள் புடவைக்காரப் பெண்.

“இரும்மா.” மறுபடியும் படித்தார். “இத நான் எத்தினி தரம் படிச்சிருக்கேன். கையைக் கழுவறான்... ஆனா தீப்பெட்டி ரயிலு எல்லாப் புள்ளையும்தான் வுடும். அது சாட்சி ஆகாது. கொழுந்தன் அன்னிக்குக் காலைல மில்லுக்கு வந்திருந்தான் இல்ல, அதுக்கு இன்னா சொல்றீங்க?”

“வந்துட்டு உடனே போயிட்டானே” என்றாள் சிந்துஜா.

“போனத யாரு பாத்தா?”

யாரும் பார்க்கவில்லைதான். கதிர்வேல் தலையைச் சொறிந்தார்.

“அப்ப ஒண்ணு பண்ணுங்க” என்றார் புஷ்பவள்ளி. “ஞாயித்துக்கிழமை நாலு பேரும் வாங்க. அவுங்கவுங்க படிச்ச பாகத்தை அவுங்கவுங்க சொல்லுங்க. அதுக்கப்புறம் இதைத் தைக்கறதா வேணாமான்னு பாக்கலாம்.” பிறகு சிந்துஜாவிடம் தணிந்த குரலில், “உன்மேல கோவம்தான். போகப் போகச் சரியாயிடும்” என்றார்.

அந்த ஞாயிறு டியூஷன் சென்டரில் பெஞ்சு பத்தவில்லை. ஜெயசீலன் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு வந்து, கூட்டத்தைப் பார்த்ததும் கடைசிப் பெஞ்சில் பதுங்கப் பார்த்தார். மாலதி கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தார்.

ஒருவர் எழுந்து ஆட்சேபம் சொன்னார். “இவுங்க படிச்சி முடிச்சிட்டாங்களே. முடிச்சதைப் பேசக் கூடாதுன்னுதானே ரூல்?”

“யாரும் முடிக்கல” என்றார் புஷ்பவள்ளி. “இதுல ஒருத்தர்கூட முழு நாவலைப் படிக்கல.”

மாலதி முதலில் பேசினார். குரல் நடுங்கியது. சிங்காரம் தோளில் குழந்தையை வைத்துச் சோறு ஊட்டும் இடம் வந்ததும் நடுக்கம் போய்விட்டது. சிந்துஜா நெருப்பைச் சொன்னாள். ஜெயசீலன், வேப்பமரத்துக் காட்சியை அறையே அசையாதபடி சொல்லி, பாதி வாக்கியத்தில் சட்டென்று நிறுத்தினார். எல்லோரும் கதிர்வேலைப் பார்த்தார்கள். கதிர்வேல் எழுந்து அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண் “ஐயோ” என்றாள்.

அதன்பிறகு அவர் ஆற்றங்கரைக் கிழவனைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“யாரு வெச்சது? அதைச் சொல்லுங்க” என்று கேட்டார்கள்.

“எனக்கு ஒண்ணு தோணுது. எங்க மாமாவுக்கு ஒண்ணு தோணுது. புஷ்பவள்ளி அக்காவுக்கு வேற ஒண்ணு. நாங்க சொன்னா நீங்க ஜட்ஜ் ஆயிடுவீங்க. படிச்சிப் பாருங்க.”

கூட்டம் முடிந்த பிறகும் யாரும் இறங்கவில்லை. மேஜையைச் சுற்றி நின்றார்கள். எல்லோருக்கும் புத்தகம் வேண்டியிருந்தது. முதல் பாகம் போதும் என்றார் ஒருவர். மூன்றாவதை மட்டும் கொடுங்கள், மரத்தடியை நானே படிக்க வேண்டும் என்றாள் ஒரு கல்லூரிப் பெண். புஷ்பவள்ளி கொஞ்ச நேரம் யோசித்தார். ஒவ்வொரு பாகத்தையும் துணிக்கடைப் பையில் போட்டு, நாலு பேரிடம் கொடுத்தார். “தைக்கறது இருக்கட்டும்” என்றார்.

ஒரு வாரம் கழித்து, வேலை நேரத்தில் சிந்துஜாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“சிந்துஜாங்களா? சிதம்பரத்துலேருந்து பேசறேங்க. எங்க வீட்ல என் பொண்ணு மூணாம் பாகம்னு ஒண்ணு கொண்டாந்து வெச்சிருந்துச்சு. சும்மா எடுத்தேங்க. காலைலேருந்து கடை தொறக்கல. புஷ்பவள்ளி அம்மாகிட்ட கேட்டேன், உங்களைக் கேக்கச் சொன்னாங்க.” அந்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டார். “அந்த மனுஷனை எதுக்குங்க கட்டி வெச்சிருக்காங்க?”

சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. சிந்துஜா கையுறையைக் கழற்றிவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

“ரெண்டாம் பாகம் வடக்குவீதில ஒரு டீச்சர்கிட்ட இருக்குதுங்க. நம்பர் அனுப்பறேன், வாங்கிப் படிங்க” என்றாள். “படிக்கறப்ப அந்த நெல்லுத் தொட்டி வர்ற எடத்துல கொஞ்சம் மெதுவா போங்க. படிச்சிட்டு, உங்களுக்கு என்ன தோணுதுன்னு எனக்கு மறக்காம போன் பண்ணிச் சொல்லுங்க.”